ஜனவரி வேலைநிறுத்தங்கள்: மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்களும் காட்கோபரும், 1919–1997

1982ஆம் ஆண்டின் முதல் வாரங்களில் உலகத்தின் கண் போலந்து மீது இருந்தது. 1981 டிசம்பர் 13இல் அங்கே ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு, 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தின் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அதற்கு நான்கு மாதம் முன்னதாக அமெரிக்காவில் ரீகன் அரசு, வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையைவிட்டு நீக்கியிருந்தது. இப்படிப்பட்ட காலத்தில், ஜனவரி 18 திங்கட்கிழமை, மும்பையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் ஜனவரி 19இல் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அன்று தமிழ்நாட்டில், அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர்.

அடுத்தடுத்த நாட்களில் நடந்த இந்த இரண்டு வேலைநிறுத்தங்களும் ஒன்றாகச் சேரவே இல்லை. அதற்கான காரணத்தை 1982இல் மட்டும் தேடினால் போதாது. 1919 ஜனவரி வரை பின்னோக்கிப் போக வேண்டும். மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பலமுறை தலைவர்களுக்கு முன்பாகத் தாங்களே இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் சார்பில் யார் பேசலாம் என்பதைச் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை உடைக்கத்தான் 1981இல் அவர்கள் மும்பைப் புறநகரான காட்கோபரில் இருந்த ஒரு மருத்துவரிடம் போனார்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தலைவர் இல்லாத ஜனவரிகள்

1918இல் பருவமழை பொய்த்தது. இன்ஃபுளுயென்சா நகரத்தைச் சூறையாடியது. முதல் உலகப் போரில் ஆலைகள் கண்ட லாபத்துக்கு அளவில்லை. ஆனால் தானிய விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறவில்லை. 1919 ஜனவரி 9 அன்று செஞ்சுரி ஆலையில் தொடங்கிய நிறுத்தம் சில நாட்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொட்டது. அதே வாரத்தில் புவனோஸ் அய்ரஸில் வசேனா உலோகத் தொழிற்சாலை வேலைநிறுத்தம் ரத்தக்களரியாகிக் கொண்டிருந்தது; பெர்லினில் ஸ்பார்ட்டகஸ் எழுச்சி நசுக்கப்பட்டு, ஜனவரி 15இல் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டார். ஜனவரி 18இல் பாரிஸ் சமாதான மாநாடு கூடியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது அந்த மாநாட்டின் உடன்படிக்கையிலிருந்துதான். ஆலைப் பகுதிகளான பரேலிலும் லால்பாகிலும் 'சால்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வசித்தவர்கள் பெர்லின் செய்தியைப் படித்துவிட்டு இறங்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போர் முடிந்த மறு ஜனவரியில் விலையேற்றம் எல்லா ஊர்த் தொழிலாளர்களையும் ஒரே நேரத்தில் நெரித்தது என்பதுதான் செய்தி.

மும்பையின் தனித்தன்மை வேறு ஒன்றில் இருந்தது. இவ்வளவு பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு தொழிற்சங்கம்கூட இல்லை. நாராயண் மேகாஜி லோகாண்டே 1880களில் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் சங்கம் வார விடுமுறையைப் பெற்றுத்தந்த பெருமையோடு மறைந்துவிட்டது. சென்னையில் நிலைமை நேர்மாறு. 1918 ஏப்ரலிலேயே செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவாகிவிட்டது, திரு. வி. க. அதில் முன்னின்றார். சென்னையில் சங்கம் முதலில் வந்தது, பெரும் போராட்டம் பின்னால் வந்தது. மும்பையில் பெரும் போராட்டம் முதலில் வந்தது. சென்னையில் பின்னி ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குத் தொடுத்து, சங்கத் தலைவரையே நீதிமன்றத்தின் மூலம் முடக்கப் பார்த்தது. அந்த வழக்கு எழுப்பிய எதிர்ப்பே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு முக்கியத் தூண்டுதல்.

1920 ஜனவரி 2இல் மும்பை ஆலைகள் மறுபடி நின்றன. ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்த அந்த நிறுத்தத்தில் வேலைநேரம் பத்து மணியாகக் குறைந்தது. அது வெற்றி, அந்த வெற்றிக்கும் உரிமை கொண்டாட ஒரு நிலையான சங்கம் இல்லை.

மூன்றாவது, 1924 ஜனவரி. மூன்றில் இதுதான் ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டியது. லாபத்தில் ஒரு பங்காகச் சில ஆண்டுகளாக ஆலை முதலாளிகள் ஆண்டுதோறும் போனஸ் கொடுத்து வந்தார்கள். அது கைக்கு வரும் மாதம் ஜனவரி. ஊரில் வாங்கிய கடன், கல்யாணச் செலவு, மளிகைக்காரரின் பாக்கி எல்லாம் அந்தப் பணத்தை நம்பியே இருந்தன. 1923இன் நடுவில், இந்த முறை போனஸ் இல்லை என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அறிவிப்பின் அர்த்தம் ஜனவரியில் வெறுங்கையோடு நின்றபோதுதான் முழுதாக உறைத்தது. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். லெனின் மறைந்ததும், பிரிட்டனில் ராம்சே மெக்டொனால்ட் தலைமையில் முதல் தொழிற்கட்சி அரசு பதவியேற்றதும் இதே மாதத்தின் 21, 22 தேதிகளில். லண்டனில் தொழிற்கட்சி ஆட்சி வந்ததால் பரேலில் எதுவும் மாறவில்லை. தலைமை நீதிபதி நார்மன் மெக்லியாட் தலைமையிலான குழு, போனஸைச் சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளர்களுக்கு இல்லை என்று சொன்னது. மார்ச்சில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள்.

அந்தக் குழு பேசியது போனஸைப் பற்றி மட்டுமே. ஒன்றரை லட்சம் பேர் யாரும் அழைக்காமல் எப்படி ஒன்றாக நின்றார்கள் என்ற கேள்வியை அது தொடவில்லை. அந்தக் கேள்விக்கு அரசு பின்னர் வேறு வழியில் விடை தேடியது.

பேசும் உரிமையைப் பிடித்துக்கொண்ட சட்டம்

1928இல் கிர்ணி காம்கார் யூனியன் பிறந்தது. ஆறு மாதம் நீடித்த அவ்வாண்டு வேலைநிறுத்தத்தில் ஆலை ஆலையாகத் தொழிலாளர்களே கமிட்டிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். என் கருத்தில் மும்பைத் தொழிலாளர் வரலாற்றின் மிக உயர்ந்த தருணம் அதுதான். 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கில் அதன் தலைவர்கள் கைதாயினர். 1938இல், பி. ஜி. கேர் தலைமையிலான காங்கிரஸ் மாகாண அரசு கொண்டுவந்த தொழில் தகராறு மசோதா, வேலைநிறுத்தத்தை நெடிய சமரச நடைமுறைக்குள் அடக்கியது. அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மசோதா சட்டமானது.

அதன் வாரிசு 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் உறவுச் சட்டம். இதன்படி ஒரு தொழிலில் ஒரே ஒரு சங்கமே 'பிரதிநிதிச் சங்கம்'. அதுவே முதலாளிகளோடு பேசலாம், ஒப்பந்தம் போடலாம். அந்த ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவரையும் கட்டுப்படுத்தும். பஞ்சாலைகளில் அந்த இடம் காங்கிரஸின் தொழிற்சங்க அமைப்பான ஐ.என்.டி.யு.சி.யைச் சார்ந்த ராஷ்ட்ரிய மில் மஜ்தூர் சங்கத்துக்குப் போனது. உறுப்பினர் எண்ணிக்கையைப் பதிவாளர் சரிபார்ப்பார். தொழிலாளி வாக்களிக்க வழியில்லை. 1950இல் சோஷலிஸ்டுகளின் மில் மஜ்தூர் சபா போனஸுக்காக இரண்டு மாதத்துக்கும் மேலாக ஆலைகளை நிறுத்தியும் இந்தச் சுவரைத் தாண்ட முடியவில்லை. 1919இல் 'உங்கள் தலைவர் யார்' என்று கேட்டுக் குழம்பிய அரசு, 1946இல் தானே ஒரு தலைவரை நியமித்துவிட்டது என்று சொன்னால் அது மிகையல்ல.

பந்த் நகர் மருத்துவர்

1919இல் காட்கோபர் மும்பை மாநகருக்கு வெளியே இருந்தது. 1950இல்தான் மாநகராட்சி எல்லைக்குள் வந்தது. கிழக்கே உப்பளங்களும் சதுப்பு நிலமும், மேற்கே குன்றுகளும் கல் குவாரிகளும். போருக்குப் பிந்தைய மும்பை எழுந்தது இப்படிப்பட்ட குன்றுகளை உடைத்த கல்லில். குர்லா, விக்ரோலி, செம்பூர் என்று சுற்றிலும் பொறியியல், வேதியியல் ஆலைகள் முளைத்தன. அவற்றுக்கு ஆள் தந்த குடியிருப்புகள் குன்றுச் சரிவுகளிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் பெருகின. கிழக்கு காட்கோபரில் தமிழர்கள் தங்கள் குடியிருப்புக்குக் காமராஜர் பெயரையே வைத்தார்கள். பஞ்சாலைகளில் கொங்கணத்தாரும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டத்தாரும் வட இந்தியரும் மிகுதி. தமிழர்களைத் தாராவித் தோல் கிடங்குகளிலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் இந்தப் புறநகர் ஆலைகளிலுமே அதிகம் காண முடிந்தது.

1932இல் சிந்துதுர்க் கடற்கரையின் தேவ்பாக் கிராமத்தில் பிறந்த தத்தா சாமந்த், மருத்துவம் படித்துவிட்டு வந்து காட்கோபரின் பந்த் நகரில்தான் கிளினிக் வைத்தார். அவரிடம் வந்தவர்களில் பலர் குவாரித் தொழிலாளர்கள். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியவர் மறுபடி அதே தூசிக்குள் போகிறார் என்பதைத் தினமும் பார்த்தவர், 1960களில் குவாரித் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். காங்கிரஸ் சார்பில் சட்டமன்றத்துக்குச் சென்றார். அந்தக் கட்சியின் அரசே நெருக்கடிநிலையில் அவரைச் சிறையில் வைத்தது. வெளியே வந்தபின் எந்த மத்தியத் தொழிற்சங்கத்துக்கும் கட்டுப்படாமல் இயங்கினார். நிறுவனத்தின் கணக்கேட்டை முன்வைத்துப் பேரம் பேசும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. தொழிலாளிக்கு எவ்வளவு தேவையோ அதைக் கேட்டார், கிடைக்கும்வரை நிறுத்தினார். இந்த முறையால் நீண்ட வேலைநிறுத்தங்களும் வன்முறைக் குற்றச்சாட்டுகளும் வந்தன, பெரிய கூலி உயர்வுகளும் வந்தன. 'டாக்டர் சாகேப்' என்ற பெயர் பரேல் வரை எட்டியது.

1981 தீபாவளி. ஜனவரியிலிருந்து போனஸ் தீபாவளிக்கு நகர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த ஆண்டு பிரதிநிதிச் சங்கம் ஒப்புக்கொண்ட போனஸ் போதாது என்று சில ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஸ்டாண்டர்ட் மில் தொழிலாளர்கள் சாமந்தைத் தேடிப் போனார்கள். அவர் தயங்கினார். பஞ்சாலையின் சட்டச் சிக்கல் அவருக்குத் தெரியும். மற்ற ஆலைகளில் செல்லுபடியான அவர் வழி இங்கே சட்டவிரோதம். அவர்கள் விடவில்லை. 1919ஐப் போலவே தொழிலாளர்கள் முந்தினார்கள். இந்தத் தடவை தலைவரையும் அவர்களே தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள்.

இரண்டு நாட்கள்

போனஸில் ஆரம்பித்தது ஜனவரிக்குள் விரிந்துவிட்டது. கூலி உயர்வு, ஆண்டுக்கணக்கில் பத்லியாகவே (தற்காலிக மாற்றாளாகவே) உழைத்தவர்களுக்கு நிரந்தர வேலை, எல்லாவற்றுக்கும் மேலாக 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவது என்பவை கோரிக்கைகள். ஜனவரி 12இல் சிமெண்ட் ஊழல் தொடர்பாக நீதிபதி லெண்டின் தீர்ப்பு வந்து மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினார். 18இல் ஆலைகள் நின்றன. 21இல் பாபாசாகேப் போசலே முதல்வரானார். மாநிலத்தின் மிகப் பெரிய தொழில் தகராறு தொடங்கிய நாட்களில் மாநிலத்தில் நிலையான அரசே இல்லை.

ஜனவரி 19 பொது வேலைநிறுத்தத்துக்கு வேறு பிறப்பு. ஐ.என்.டி.யு.சி. நீங்கலான மத்தியத் தொழிற்சங்கங்கள் 1981 ஜூனில் மும்பையில் கூடித் தேசியப் பிரச்சாரக் குழுவை அமைத்திருந்தன. விலைவாசி, தேசியப் பாதுகாப்புச் சட்டம், அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளருக்கான சட்டம் ஆகியவை அவர்களின் பேச்சுப் பொருள். திருக்கடையூருக்கு அருகே திருமெய்ஞானத்தில் அஞ்சான், நாகூரான் என்ற இரு விவசாயத் தொழிலாளர்களும், மன்னார்குடியில் ஞானசேகரனும் அன்று சுடப்பட்டு இறந்தார்கள். ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவர்களின் கோரிக்கையோடு வயல் கூலியின் கோரிக்கை ஒன்றாக நின்றதற்குத் திருமெய்ஞானம் கொடுத்த விலை அது. ஆண்டுதோறும் ஜனவரி 19இல் இடதுசாரித் தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. அந்த மூவரையும் நினைவுகூர்கிறது. மும்பையின் பொது நினைவில் அவர்களுக்கு இடமில்லாதது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒன்று தலைமைகள் கூடித் திட்டமிட்ட ஒருநாள் நிகழ்வு. மற்றது தலைமையையே மாற்றக் கிளம்பிய காலவரையற்ற போராட்டம். மத்தியச் சங்கங்கள் மும்பைப் போராட்டத்துக்குப் பின்னர் ஆதரவு தெரிவித்து ஒற்றுமை வேலைநிறுத்தங்களிலும் கலந்துகொண்டன. ஆனால் மும்பையின் ஆலைப் பகுதியான கிரண்காவின் இரண்டரை லட்சம் பேர், தங்கள் பழைய செங்கொடிகளையும் தாண்டி காட்கோபருக்குப் போயிருந்தார்கள் என்பது அந்தச் சங்கங்களுக்கு எளிதில் செரிக்கக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. சாமந்தும் தன் தனிவழியை விட்டுக்கொடுக்கவில்லை. 1928இல் போல ஆலைக் கமிட்டிகளை வலுவாக்கியிருந்தால், முடிவெடுக்கும் பொறுப்பு ஒரே மனிதரின் தோளில் குவிந்திருக்காது. இரு தரப்பிலும் தவறு உண்டு. பெரிய தவறு, தொழிலாளர்களின் விருப்பத்தை ஒரே ஒரு வாக்கெடுப்பில் அறிந்துகொள்ளக்கூட மறுத்த சட்டத்தில் இருந்தது.

தொழிலாளர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்குப் போய்ச் சொந்த ஊர் அரிசியில் காலம் தள்ளினார்கள். அதனால்தான் ஓராண்டுக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். முதலாளிகள் உற்பத்தியை மாற்றிக்கொள்ள மும்பைக்கு அருகே பிவண்டி விசைத்தறிகள் இருந்தன. 1983 அக்டோபரில் மத்திய அரசு 13 ஆலைகளின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. வேலைநிறுத்தம் முறையாகத் திரும்பப் பெறப்படவே இல்லை, வேலைதான் திரும்பவில்லை. 1991க்குப் பின் ஆலை நிலங்கள் வீட்டுமனை வியாபாரத்துக்குத் திறந்துவிடப்பட்டன. அதற்கு முன்பே, 1984 தேர்தலில், இந்திராவின் மறைவையொட்டி வீசிய காங்கிரஸ் அலையையும் மீறி, அந்தத் தொழிலாளர்கள் சாமந்தைத் தென்மத்திய மும்பையிலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சட்டம் தராத வாக்குரிமையை அவர்கள் பயன்படுத்திய ஒரே இடம் அதுதான்.

1997 ஜனவரி 16 காலையில், பவாயிலுள்ள வீட்டிலிருந்து பந்த் நகர் அலுவலகத்துக்குப் புறப்பட்ட சாமந்தை வழியில் கூலிக் கொலையாளிகள் சுட்டுக் கொன்றார்கள்.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கத்துக்கே தனிப் பேச்சுரிமை என்கிறது. அந்த 51ஐ எப்படி எண்ணுவது என்பதை விதிகளுக்கு விட்டிருக்கிறது. சந்தா ரசீதும் பதிவாளரின் ஏடும் என்ன செய்யும் என்பதை மும்பை ஒருமுறை பார்த்துவிட்டது. எந்த மாநிலத்தில் எந்த விதி எழுதப்பட்டாலும், ரகசிய வாக்குச்சீட்டு மூலமாகவே அந்த எண்ணிக்கை நடக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி இப்போதே கேட்க வேண்டும்.