சஃபாரிப் பயணத்தில் நைரோபி

நைரோபி கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவின் தலைநகரம் ஆகும். மாசாய் மாரா, அம்போசெலி, சாவோ முதலிய காப்பகங்களுக்கு வனவிலங்குகளைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர் இந்நகரில் இறங்கியே செல்கின்றனர். ஆயினும் பலர் வானூர்தி நிலையத்திலிருந்து நேரே காட்டுக்குச் சென்று, அவ்வாறே நாடு திரும்பிவிடுகின்றனர். பயணத்திற்கு முன்போ பின்போ ஒரு நாளேனும் நகருக்கு ஒதுக்கினால், அக்காடுகளின் நிலையை விளங்கிக்கொள்ள அது உதவும்.

சஃபாரி என்பது அரபு மொழியிலிருந்து சுவாகிலிக்கு வந்த சொல். அம்மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். நைரோபியில் வாழும் ஒருவர் மொம்பாசாவிலுள்ள உறவினரைக் காணச் செல்வதும் சஃபாரியே.

வரலாறு

நைரோபி தொடர்வண்டிப் பாதையால் பிறந்த நகரம். மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி நோக்கி ஆங்கிலேயர் அமைத்த உகாண்டா இரயில்பாதை 1899-இல் இவ்விடத்தை எட்டியது. இதற்கப்பால் பாதை மேட்டுநிலம் ஏறிப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னுள்ள சமதரை என்பதால் இங்கே பணிமனையும் கிடங்குகளும் அமைந்தன. குளிர்ந்த நீர் எனப் பொருள்படும் மாசாய்ச் சொற்களிலிருந்து நகரின் பெயர் வந்தது.

இப்பாதையை அமைக்கப் பிரித்தானிய இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் உயிரிழந்தனர். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலப் பணியின்போது இரு ஆண் சிங்கங்கள் தொழிலாளர்களைத் தொடர்ந்து கொன்றதால் வேலையே நின்றுபோனது. இன்று சுற்றுலாப் பயணிகள் சிங்கம் தேடிச் செல்லும் சாவோ இதுவே.

பணி முடிந்தபின் தங்கிவிட்டவர்களும் குஜராத்திலிருந்து வந்த வணிகர்களும் நகரின் கடைவீதிகளை வளர்த்தனர். 1920 வரை இந்திய ரூபாய் இங்கு செல்லுபடியானது. கடையைக் குறிக்கும் 'டுகா', வண்டியைக் குறிக்கும் 'காரி', நம் சப்பாத்தி ஆகிய சொற்கள் சுவாகிலியில் இன்றும் வழங்குகின்றன. இந்திய வம்சாவளியினரை உள்ளடக்கிய ஆசியர்களை 2017-இல் கென்ய அரசு நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக ஏற்றது.

நகரை ஒட்டிய காடு

1946-இல் அமைக்கப்பட்ட நைரோபி தேசியப் பூங்கா நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில் உள்ளது. பரப்பு 117 ச.கி.மீ. சென்னை நகருக்குள் இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.7 ச.கி.மீ. மட்டுமே என்பதை ஒப்பிட்டு நோக்கலாம். இங்கே சிங்கம், கருப்புக் காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காட்டெருமை ஆகியவற்றை உயர்ந்த கட்டடங்களின் பின்னணியில் காணலாம். யானைகள் இல்லை.

பூங்காவின் மற்றப் பக்கங்களில் வேலி உண்டு. தெற்கு எல்லை மட்டும் திறந்துள்ளது. விலங்குகள் பருவந்தோறும் அவ்வழியே சமவெளிக்குச் சென்று மீள்கின்றன. அந்நிலங்களில் குடியிருப்புகளும் வேலிகளும் பெருகியதால் வழி குறுகிவருகிறது. மொம்பாசாவிலிருந்து 2017-இல் வந்த புதிய அகலப் பாதையின் நீட்சி பூங்காவின் குறுக்கே தூண்கள்மீது செல்கிறது. நகரைத் தந்த இரயிலே இன்று காட்டை நெருக்குகிறது எனலாம்.

இப்பூங்காவில்தான் 1989-இல் அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்தைத் தீயிட்டார். 2016-இல் 105 டன் எரிக்கப்பட்டது. பூங்காவின் ஓரத்தில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை தாயற்ற யானைக்கன்றுகளை வளர்த்துச் சாவோ காடுகளில் விடுகிறது. பசும்பாலின் கொழுப்பு கன்றுகளுக்கு ஒவ்வாததால், டாப்னி ஷெல்ட்ரிக் தேங்காய் எண்ணெய் கலந்த பாலுணவை உருவாக்கினார்.

பயணிகள் அறிய வேண்டியவை

நைரோபி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீ. உயரத்தில், ஏறத்தாழக் குன்னூரைப் போல அமைந்துள்ளது. எனவே சூலை மாதக் காலைகளில் கம்பளிச் சட்டை தேவைப்படும். 2024 முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி வழங்கப்படுகிறது. 2017 முதல் நெகிழிப் பைகளுக்குத் தடை உள்ளதால், பெட்டிக்குள் துணி சுற்றிய கடைப்பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்க. மலேரியா இடர் நகரில் குறைவு. தாழ்வான காப்பகங்களில் மிகுதி.

பலர் தவறவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. (மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.) இந்தியாவிலிருந்து நேரே செல்வோரிடம் கென்யா இச்சான்றிதழைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியாவே கேட்கும். இந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிசு கொசு இங்கே ஏராளம். ஒரு நோயாளி வந்தாலும் தொற்று வேரூன்றலாம் என்பதால், சான்றிதழின்றி வருவோர் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படுவர்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியினர் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். அங்கு ஊசி போடும் நாட்களை முன்னரே கேட்டறிதல் நன்று. 9 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இது போடப்படுவதில்லை. முட்டை ஒவ்வாமை உள்ளோரும் 60 வயதைக் கடந்தோரும் மருத்துவரிடம் கலந்து முடிவெடுக்க வேண்டும். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பு அதன் காலம் 10 ஆண்டுகளாக இருந்தது. 2016 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும்.