நிக்கோடிமஸ்: விடுதலை பெற்றோர் கண்ட ஊர்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் கொண்டே தொடங்குவர். கட்டுவித்தவன் பெயர் கல்லில் இருக்கும். கல் சுமந்தவன் பெயர் எங்கும் இராது. இந்நிலைக்கு மாறாக, அடிமைகளாயிருந்தோர் தாமே நிறுவி, தம் பெயராலேயே வரலாற்றில் இடம்பெற்ற சிற்றூர் ஒன்று அமெரிக்காவில் உண்டு. கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரகாம் கவுண்டி என்னும் வேளாண்மைப் பகுதியில் அமைந்த நிக்கோடிமஸ் என்பதே அவ்வூர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலை நமக்கு அயலான செய்தியன்று. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் மராத்தி நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அதன்பின் நான்கே ஆண்டுகளில் நிக்கோடிமஸ் தோன்றிற்று.

நிலம் தேடிய பயணம்

1865ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. விலங்கு அறுந்தது, ஆயினும் நிலம் கிடைக்கவில்லை. உழைத்த நிலம் பழைய ஆண்டைகளிடமே இருந்தமையால், விடுதலை பெற்றோர் அவர்களிடமே வாரத்திற்கும் கூலிக்கும் உழ நேர்ந்தது. 1877இல் தென் மாநிலங்களிலிருந்து கூட்டரசின் படைகளின் பாதுகாப்பும் விலகியது. கொடுமை பெருகிற்று.

இந்நிலையில் 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் அவர்களுக்கு வழி காட்டியது. அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை பெற்று, ஐந்தாண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டால், சிறு கட்டணத்தில் அந்நிலம் உரிமையாகும். 1877 ஏப்ரலில் டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் கறுப்பினப் போதகரும், வேறு சிலரும் சேர்ந்து நிக்கோடிமஸ் நகர நிறுவனத்தை அமைத்தனர். வளமான மண், நல்ல நீர் என்று புகழும் துண்டறிக்கைகள் கென்டக்கி மாநிலத்துக் கறுப்பின மக்களிடையே பரவின.

அதனை நம்பி, அவ்வாண்டு செப்டம்பரில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர். எல்லிஸ் என்னும் ஊர் வரை இரயில். அதன்பின் ஏறத்தாழ 35 மைல் நடை. வந்து சேர்ந்தபோது அங்கே ஊரே இல்லை! மரமற்ற புல்வெளி; மண்ணைக் குடைந்து அமைத்த சில குழி வீடுகள். அவ்வளவே. ஏமாற்றமுற்றோர் பலர் திரும்பிச் சென்றனர். மறு ஆண்டு வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் அம்மையார், ஊர் எங்கே என்று வினவினாராம். தரையிலிருந்து எழுந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்ட, மனிதர் மண்ணுக்குள் வாழ்வதைக் கண்டு அழுதுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார்.

முதற் குளிர்காலம் கொடியது. விதையில்லை; உழுமாடு இல்லை; விறகுக்கு மரமுமில்லை. உலர்ந்த எருமைச் சாணத்தையும் சூரியகாந்தித் தண்டுகளையும் எரித்தனர். வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தம் உணவைப் பகிர்ந்தளித்துக் காத்தனர் என்று அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மண்வெட்டியாலும் கொத்தாலும் கையால் கிளறிய நிலத்திலேயே முதல் விதைப்பு நடந்தது.

பள்ளியும் பதவியும்

இத்துணை வறுமையிலும் அவர்கள் கல்வியை நாளைக்கென்று தள்ளிவைக்கவில்லை. ஜென்னி பிளெட்சர் அம்மையார் குழி வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அடிமைக் காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினத்தார்க்கு எழுத்தறிவித்தல் சட்டப்படி குற்றமாயிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அம்மண்குழிப் பள்ளியின் பெருமை விளங்கும். அக்கவுண்டியின் முதலாவது பள்ளி மாவட்டம் என்னும் பெயரும் நிக்கோடிமஸுக்கே உரியதாயிற்று.

1878இல் அங்கு வந்த எட்வர்ட் மெக்கேப் கவுண்டியின் எழுத்தராகி, 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1884இல் மீண்டும் வென்றார். அம்மாநிலம் முழுமைக்குமான பதவியொன்றுக்குத் தேர்வு பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1880களின் நடுவில் ஊரில் கடைகளும் தங்கும் விடுதிகளும் திருச்சபைகளும் எழுந்தன. இரு செய்தித்தாள்களும் வெளிவந்தன.

வளர்ச்சி நிலைக்க இரயில் வேண்டும். 1887இல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் அளிக்கவும் மக்கள் இசைந்து வாக்களித்தனர். எனினும் 1888இல் இருப்புப் பாதை ஆற்றுக்குத் தெற்கே சில மைல் விலகிச் சென்றது. கடைகள் பாதையை நாடிப் பெயர்ந்தன. 1930களின் பஞ்சமும் புழுதிப் புயலும் எஞ்சியோரையும் வெளியேற்றின. 1953இல் அஞ்சலகமும் 1960இல் பள்ளியும் மூடப்பட்டன.

நினைவுப் பலகை வந்த வழி

இவ்வாறு தேய்ந்த ஊர்கள் பல பெயரும் எஞ்சாது மறைந்தன. நிக்கோடிமஸ் மறையவில்லை. காரணம், பிழைப்புக்காகப் பிரிந்தோர் ஆண்டுதோறும் விடுதலை விழாவுக்குத் திரும்பினர். இன்றும் சூலை இறுதியில் கூடுகின்றனர். முன்னோர் நிலத்தைச் சிலர் விடாது காத்தனர். 24ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோரம் ஊரின் வரலாற்றைக் கூறும் பலகை நிற்கிறது. 1976இல் அவ்வூர் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஊர்ச் சந்ததியாரான ஏஞ்சலா பேட்ஸ் வரலாற்றுக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்துப் பெரிதும் முயன்றார். 1996இல் நாடாளுமன்றம் அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. நகர மன்றம், இரு தேவாலயங்கள், பள்ளி, பழைய விடுதி ஆகிய ஐந்து கட்டடங்கள் இன்றும் அங்கே சான்று கூறுகின்றன. நிலையாகக் குடியிருப்போர் மிகச் சிலரே; ஆயினும் ஊரின் கதை ஒரு நாட்டின் கதையாகிவிட்டது.

இளைஞர்களே! அரசு தானே தேடி வந்து அப்பலகையை நடவில்லை. நிலப் பத்திரத்தைக் காத்தவர்களும், பாட்டியர் சொன்னதை எழுதிவைத்தவர்களும் முன்னே இருந்தனர்; பலகை பின்னே வந்தது. நம் குடியிருப்புகளுக்கும் தொடக்கம் உண்டு. முதற் குடிசை இட்டவர் யார், கிணறு தோண்டியவர் யார், வீட்டுமனைப் பட்டா எவ்வாண்டு கிடைத்தது, முதன்முதலில் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய பெண் யார் என்னும் வினாக்களுக்கு விடை கூறவல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே ஆண்டும் பெயரும் குறித்து எழுதிவையுங்கள். பட்டாவுக்குப் படியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். எழுதாத வரலாற்றைப் பிறர் எழுதுவர். அதில் நம் பெயர் இராது.