திருவிதாங்கூரில் கல்வி பரவிய வரலாறு



ஒரு தேசத்திலே ஒரு வகுப்பார் கல்வியில் முன்னிற்பதையும் மற்றொரு வகுப்பார் பின்தங்கி நிற்பதையும் காணுங்கால், இது பிறவியிலமைந்த புத்தி பேதமென்று சொல்லி அமைவோர் பலர். அங்ஙனம் சொல்லுதல் முன்னிற்பார்க்குச் செருக்கையும் பின்னிற்பார்க்குச் சோர்வையும் தருமேயன்றி உண்மையாகாது. இதனைத் தெளிதற்குப் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சரித்திரத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அச்சமஸ்தானத்தின் தென்பகுதியாகிய அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் தாலுக்காக்கள் 1956-ஆம் ஆண்டில் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. ஆதலின் இது முற்றும் பிறர் சரித்திரமன்று. ஒரு பாதி நம்முடையதே.

1817-ஆம் ஆண்டில் அந்நாட்டை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாயி, பிரஜைகளின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கவேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். அக்காலத்து இந்திய அரசுகளில் இஃது அரிய செயலே. ஆயினும் அக்கட்டளை எல்லார் வாயிலையும் எட்டவில்லை. 1875-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. பெண்களிலோ நூற்றுக்கு ஒருத்தியும் இல்லை. அந்தச் சிறு தொகையும் எல்லா வகுப்பாரிலும் சமமாய்ப் பங்கிடப்படவில்லை. பிராமணரிலும் நாயரிலும் கற்றோர் மிகுந்திருக்க, ஈழவரிலும் நாடாரிலும் மிகச் சிலரே கற்றிருந்தனர். 1855-ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அடிமைத்தனம் நீங்கப்பெற்ற புலையர் முதலியோர்க்குப் பள்ளிக்கூடத்தின் திண்ணையும் தூரமாயிருந்தது. பொதுவழியில் நடத்தலே குற்றமாயிருந்தவர் பள்ளிக்கு எவ்வழியாற் செல்வர்?

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? கோயிலும் கச்சேரியும் எவர் கையிலிருந்தனவோ அவர்க்கே எழுத்தும் கணக்கும் பயன்பட்டன. பயன் கண்டவரே பிள்ளைகளைக் கற்பித்தனர். டி. மாதவ ராவ் 1858 முதல் 1872 வரை திவானாயிருந்தபோது சர்க்கார்ப் பள்ளிகள் பெருகின. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. அதனாலும் முதற்கண் பயனடைந்தோர் முன்னரே ஏடு தொட்டவரே. உள்ளவனுக்கே மேலும் சேர்வது செல்வத்தில் மாத்திரமன்று, கல்வியிலும் உண்டு.

சர்க்கார் கதவு திறவாதவிடத்து வேறு கதவுகள் திறந்தன. நாகர்கோவிலிலே லண்டன் மிஷன் பாதிரிமாராகிய மீடு, மால்ட் என்பாருடைய மனைவிமார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தனர். அவ்வருவாய் பல ஏழைப் பெண்களுக்கு வாழ்வளித்தது. கற்ற பெண் மானத்தோடு உடுக்க விரும்புவது இயல்பு. உடுத்தபோது கலகம் விளைந்ததும் சரித்திரம் அறிந்ததே. 1859-ஆம் ஆண்டில்தான் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துடுக்கலாமென்று அரசர் பிரகடனம் செய்தார். மத்திய திருவிதாங்கூரிலே சிரியன் கத்தோலிக்கருள் குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா என்னும் குருவானவர், 1864-ஆம் ஆண்டில் கோயில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் அமைக்கவேண்டுமென்று கட்டளையிட்டார். ஏழைப் பிள்ளைகளின் பகற்சோற்றுக்காக வீடுதோறும் பிடியரிசி சேர்க்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார்.

இனி, இச்சரித்திரத்தில் நாம் ஊன்றி நோக்கற்பாலதொன்று உண்டு. 1891-ஆம் ஆண்டில், உயர்ந்த உத்தியோகங்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பிராமணர்க்கே போகின்றன, அவருட் பெரும்பாலார் தமிழ்நாட்டினர் என்று முறையிட்டு, பதினாயிரத்துக்கு மேற்பட்டார் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்று மகாராஜாவின் சமுகத்துக்குச் சென்றது. அதனை முன்னின்று நடத்தினோர் நாயர். ஈழவரும் கிறிஸ்தவரும் கூடவே ஒப்பமிட்டனர். முதலில் ஒப்பமிட்ட சிலருள் டாக்டர் பல்பு என்னும் ஈழவரும் ஒருவர். அவர் சென்னையில் வைத்தியப் பரீக்ஷையில் தேறியும், குலம் பற்றிச் சொந்த நாட்டில் வேலை கிடையாமல் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்று உத்தியோகம் பார்த்தவர். அவ்விண்ணப்பத்துக்கு அரசாங்கம் தந்த மறுமொழியில், ஈழவர் கல்வியில்லாதவர், தம் குலத்தொழிலோடு அமைந்திருப்பவர் என்னும் கருத்தே காணப்பட்டது. கதவை அடைத்துவிட்டு, உள்ளே வரவில்லையென்று குற்றங்கூறியதற்கு இது நிகராகும்.

எனவே 1896-ஆம் ஆண்டில் டாக்டர் பல்பு 13,176 ஈழவரின் கையொப்பத்தோடு தனி விண்ணப்பம் செய்தார். சர்க்கார்ப் பள்ளியிற் சேர்க்கையும் உத்தியோகத்திற் பங்கும் அவர்கள் வேண்டியவை. அதனாலும் பெரும்பயன் விளையாதபோது, ஸ்ரீ நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு 1903-ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றிற்று. தாலிகெட்டுக் கல்யாணம் முதலிய வீண் சடங்குகளிற் பொருளைக் கரைத்தல் தகாதென்றும், கல்வியாலும் ஒற்றுமையாலுமே உயர்வு வருமென்றும் குரு போதித்தார். நாயர் சேவா சங்கம் 1914-ஆம் ஆண்டில் தோன்றி, மறு ஆண்டே கருகச்சாலில் பள்ளி நிறுவிற்று. அதுவும் பிடியரிசி சேர்த்தே வளர்ந்தது. நம் பக்கத்திலே விருதுநகர் நாடார்கள் அவ்வாறே பிடியரிசி கொண்டு 1889-ஆம் ஆண்டில் நிறுவிய க்ஷத்திரிய வித்தியாசாலையில் பயின்றவரே காமராசர்.

எல்லார்க்கும் பின் நின்ற புலையரின் கதையே உள்ளத்தை உருக்குவது. அவர் தலைவர் அய்யன்காளி எழுத்தறியாதவர். 1907-ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஏறாவிடில் உங்கள் வயலில் நாங்கள் இறங்கோம் என்னும் உறுதியோடு அவர் மக்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களைப் பள்ளியிற் சேர்க்க உத்தரவு பிறந்த பின்னும் ஊரார் இடங்கொடுக்கவில்லை. 1910-க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் செல்ல, அப்பள்ளிக்கே தீ வைத்தனர். 1937-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை ஒன்றே: தாம் இறக்குமுன் தம் குலத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் காணவேண்டும். 1941-ஆம் ஆண்டில் அவர் காலமானார். இரண்டாண்டு கழித்து, தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த உழவூர் கே. ஆர். நாராயணன் திருவிதாங்கூர் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பிற் தேறினார். 1997-ஆம் ஆண்டில் அவரே பாரத தேசத்தின் ஜனாதிபதியானார். மூளை குலம் பார்த்துப் பிறப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கேரளத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 94, பட்டியல் சாதியாரில் ஏறக்குறைய 89, பழங்குடியாரில் 76. இந்தியா முழுமைக்கும் இத்தொகைகள் முறையே 73, 66, 59. தமிழகத்து ஜில்லாக்களுள் அக்கணக்கில் முதலிடம் பெற்றது கன்னியாகுமரியே. ஆங்குக் கற்றோர் நூற்றுக்கு 91-க்கு மேல். பின்தங்கியோர் முன்னேறினர் என்பதும், கடைசியில் நின்றோர் இன்னும் கடைசியிலேயே நிற்கின்றனர் என்பதும் இவ்வெண்களாற் புலனாம்.

அன்பர்களே! இதிலிருந்து நாம் கொள்ளவேண்டுவன மூன்று. அரசாங்கத்தின் கட்டளை இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. வீட்டுக்கொரு பிடி அரிசியாற் பள்ளிக்கூடம் எழும். கல்யாணப் பந்தலிற் கரையும் பொருளால் எழாது. மூன்றாவது, நாம் மறக்கலாகாதது. நமக்கு மேற்பட்டார் கதவை அடைத்தாரென்று முறையிட்டவர், தாம் உட்புகுந்தபின் தமக்குப் பின்வந்தார்க்கு அதனை அடைத்ததும் இச்சரித்திரத்தில் உண்டு. ஆதலின் நம் சங்கம் நம்மவரிற் பட்டதாரிகள் எத்தனை பேரென்று எண்ணுவதோடு நில்லாது, நம் ஊரிற் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் எத்தனை பேரென்றும், அவர் எக்குலத்தாராயினும், எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணிக்கை குறையுமாறு உழைப்பதே நம் சங்கத்துக்குப் பெருமையாம்.