தாவரநலச் சான்றிதழின் வரலாறு: தாள் முதல் மின்வடிவம் வரை

தாவரநலச் சான்றிதழ் என்பது ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் செடி, விதை, காய், கனி, மலர், மரம் முதலியவை முறையாகப் பரிசோதிக்கப்பட்டவை என்றும், இறக்குமதி செய்யும் நாடு தடுக்க விரும்பும் பூச்சிகளும் நோய்களும் அற்றவை என்றும் அனுப்பும் நாட்டின் அரசு வழங்கும் ஆவணம். ஏற்றுமதி வணிகர்களின் பேச்சுவழக்கில் இது 'பைட்டோ' எனப்படுகிறது. இதைத் தாளில் அச்சிட்டு அனுப்பாமல், ஓர் அரசின் கணினியிலிருந்து மற்றோர் அரசின் கணினிக்கு நேரடியாக அனுப்பும் முறை மின் தாவரநலச் சான்றிதழ் அல்லது 'இ-பைட்டோ' ஆகும். தென்னை, வாழை, பலா, நிலக்கடலை, மலர் ஆகியவை விளையும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கறம்பக்குடி, ஆலங்குடி வட்டாரங்களுக்கு இந்த ஆவணத்தின் வரலாறு தொலைவான செய்தி அன்று. பயிர்நோய் கடல் கடந்ததால் வாழ்க்கை மாறிய மக்களில் இப்பகுதியினரும் உண்டு.

தோற்றம்: திராட்சையும் காப்பியும்

1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868-ஆம் ஆண்டில் வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி சாற்றை உறிஞ்சுவது கண்டறியப்பட்டது. பைலோக்செரா எனப்படும் அப்பூச்சி வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட திராட்சைக் கொடிகளோடு வந்தது. அமெரிக்கக் கொடிகள் அதைத் தாங்கின. ஐரோப்பியக் கொடிகளால் தாங்க முடியவில்லை. பல இலட்சம் ஏக்கர் அழிந்த பின்னர், அமெரிக்க வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டியே திராட்சை வேளாண்மை மீட்கப்பட்டது.

இதே காலத்தில் இலங்கையில் காப்பி அழிந்தது. 1869-ஆம் ஆண்டில் அங்கே காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் துகள்களாக ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. இலைத்துரு நோய் எனப்படும் இது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழிலை முடித்துவைத்தது. 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி ஆய்ந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, ஒரே பயிரை இடைவெளியின்றிப் பெரும்பரப்பில் நட்டதே நோய் விரைந்து பரவக் காரணம் என்று விளக்கினார். காப்பி இருந்த மலைகளில் தேயிலை ஏறியது.

காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சை, மதுரைச் சீமைகளிலிருந்து சென்ற தமிழர்கள். துரை எனப்பட்ட தோட்ட உரிமையாளர் பயிரை மாற்றிக்கொள்ளலாம், நிலத்தை விற்கலாம். கூலிக்குச் சென்றவருக்கு அந்த வழி இல்லை. ஒரு தாவரநோயின் விலையை முதலில் கொடுப்பவர் யார் என்பதற்கு இது பழைய சான்று.

பன்னாட்டு ஒப்பந்தங்கள்

பைலோக்செராவைத் தடுக்க, 1881-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் சில ஓர் ஒப்பந்தம் செய்தன. எல்லை கடக்கும் செடிகளோடு அனுப்புநரின் உறுதிமொழியும் அவர் நாட்டு அதிகாரியின் சான்றும் வர வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. இன்றைய தாவரநலச் சான்றிதழின் முன்னோடி இதுவே.

1929-ஆம் ஆண்டில் ரோம் நகரில் மற்றொரு ஒப்பந்தம் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 1951-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 1952 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னிணைப்பில் எல்லா நாடுகளும் பின்பற்ற வேண்டிய மாதிரிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. இந்தியா தொடக்கத்திலேயே இதில் இணைந்தது. 1995-ஆம் ஆண்டில் உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைகள் நடைமுறைக்கு வந்தபோது, பயிர்நலத்தைக் காரணம் காட்டி வணிகத்தைத் தடுக்கும் நாடு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தது.

இந்தியச் சட்டங்கள்

இந்தியாவில் முதல் நடவடிக்கை பருத்திக்காக எடுக்கப்பட்டது. மெக்சிகோவின் காய்க்கூன்வண்டு உள்ளே வராதிருக்க, இறக்குமதியாகும் பருத்திக்குப் புகையூட்டல் கட்டாயம் என்று 1906-ஆம் ஆண்டில் அரசு ஆணையிட்டது. 1914 பிப்ரவரியில் அழிவுதரும் பூச்சிகள், கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. நூறாண்டு கடந்தும் இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு அதுவே அடிப்படை.

1919-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டத்தை இயற்றியது. மாகாண அளவில் இந்தியாவில் எழுந்த முதல் சட்டம் இது. பூச்சி கண்ட பயிரை அகற்றுமாறு உழவருக்கு ஆணையிடும் அதிகாரம் இதன்வழி அரசுக்குக் கிடைத்தது. 1946-ஆம் ஆண்டில் பயிர்ப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு, சேமிப்பு இயக்ககம் நடுவண் அரசில் அமைந்தது. இதன் தலைமையகம் இப்போது பரீதாபாத்தில் உள்ளது. இறக்குமதிக்கான இன்றைய விதிகள் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையில் உள்ளன. சென்னையில் மண்டல நிலையமும், தூத்துக்குடி, திருச்சி ஆகிய இடங்களில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையங்களும் செயல்படுகின்றன.

தடுப்பைக் கடந்து வந்தவை

சட்டங்கள் இருந்தும் தமிழ்நாட்டுக்குள் அயல்நாட்டுப் பூச்சிகள் வந்தன. 1961-ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அதன்பின் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை வந்தது. மண்ணுக்குள் ஒருமுறை புகுந்த நூற்புழுவின் முட்டைக்கூடுகள் பயிரே இல்லாமலும் பல ஆண்டுகள் உயிர்ப்போடு இருக்கும் என்பதே காரணம்.

2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அது பரவியது. 2010-ஆம் ஆண்டில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகம் வழியாக உழவர்களுக்கு வழங்கப்பட்ட பின்னரே அது கட்டுக்குள் வந்தது. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னைகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. மட்டைகளின் மீது கரும்பூசணம் படரச் செய்யும் இந்த ஈ, பின்னர் மாநிலத்தின் பல தென்னை மாவட்டங்களுக்கும் பரவியது.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது, மறுநடவுக்குக் கன்றுகள் பெருமளவில் தேவைப்பட்டன. கன்று இடம்மாறும்போது அதன் மீதுள்ள பூச்சியும் இடம்மாறக்கூடும். ஆகவே, நாட்டு எல்லையில் கேட்கப்படும் கேள்வி ஊர் எல்லையிலும் பொருந்துவதே.

தடையின் மறுபக்கம்

மற்ற நாடுகளும் இந்தியப் பொருள்களை இதே கண்ணோடு பார்க்கின்றன. பழ ஈ முதலிய பூச்சிகள் தொடர்ந்து காணப்பட்டதால், 2014 மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மாம்பழத்தின் மீதான தடை 2015-ஆம் ஆண்டில் நீங்கியது. அதே 2015-இல், உயிருள்ள வண்டுகள் இருந்ததாகக் கூறி வியட்நாம் இந்திய நிலக்கடலையைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. இத்தகைய தடை பூச்சி இருந்த பெட்டிக்கு மட்டும் உரியதன்று. பூச்சியில்லாமல் விளைவித்தவரும் அதே தடைக்குள் வருகிறார்.

தாள் சான்றிதழ்

தாவரநலச் சான்றிதழ் ஒரே பக்கம் கொண்டது. அனுப்புநர், பெறுநர், பெட்டிகளின் எண்ணிக்கையும் அடையாளமும், விளைந்த இடம், செல்லும் வழி, நுழையும் துறைமுகம், பொருளின் பெயரும் அளவும், தாவரவியல் பெயர், அளிக்கப்பட்ட புகையூட்டலின் விவரம் ஆகியவை அதில் இருக்கும். இறக்குமதி நாடு கேட்டால், இன்ன பூச்சி இல்லாத பகுதியில் விளைந்தது என்பது போன்ற கூடுதல் உறுதிமொழியும் சேரும். கீழே அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் நாளும் இடம்பெறும்.

இந்தத் தாளுக்குச் சில இடர்கள் இருந்தன. கப்பல் வந்த பிறகும் தாள் வராவிட்டால் சரக்கு துறைமுகத்தில் காத்திருக்கும். காய்கறியும் பூவும் காத்திருக்கமாட்டா. ஓர் எழுத்துப் பிழைக்கும் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். முத்திரையைப் போலியாகச் செய்ய முடியும். அதைக் கண்டறிய, ஒரு நாட்டின் அலுவலர் மற்றொரு நாட்டுக்கு எழுதிக் கேட்டு மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும்.

மின்வடிவம்

2014-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 12-ஆம் தரநிலையில் மின் சான்றிதழுக்கான பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. தாளில் உள்ள அதே விவரங்கள், எல்லாக் கணினிகளும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் வடிவில் எழுதப்பட வேண்டும் என்று அது வரையறுத்தது.

அடுத்த சிக்கல் இணைப்பு. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே இணைவதானால், நூறு நாடுகளுக்கு 4,950 இணைப்புகள் வேண்டும். இதற்குத் தீர்வாக 'ஹப்' எனப்படும் பொது மையம் ஒன்றை ஐக்கிய நாடுகளின் பன்னாட்டுக் கணினி மையம் உருவாக்கியது. 2017-ஆம் ஆண்டில் இதன் சோதனை தொடங்கியது. ஹப் ஓர் அஞ்சல் நிலையம் போன்றது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்ற முகவரியை மட்டும் படிக்கும், உள்ளே இருப்பதைத் திறப்பதில்லை. சொந்த மென்பொருள் இல்லாத நாடுகளுக்காக இணையவழிப் பொது மென்பொருள் ஒன்றும் ஆக்கப்பட்டது. அதை முதலில் சோதித்த நாடுகள் கானா, சமோவா, இலங்கை ஆகிய மூன்று. காப்பி நோயால் அழிவைக் கண்ட இலங்கை, சான்றிதழின் புதிய வடிவத்தைச் சோதித்த முதல் நாடுகளுள் ஒன்றாக இருந்தது.

2020-ஆம் ஆண்டின் கொரோனா பெருந்தொற்றில் விமானங்கள் நின்று தாள் சான்றிதழ்கள் வழியில் தேங்கின. இந்தியா உட்படப் பல நாடுகள் தற்காலிகமாக மின்நகலை ஏற்றன. மின்முறையின் தேவையை எல்லா நாடுகளும் உணர்ந்த காலம் அது.

கறம்பக்குடி வட்டாரத்தின் நிலை

எந்தப் பொருளுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை முடிவு செய்வது வாங்கும் நாடு. 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஏறத்தாழ எல்லாப் புதிய காய்கனிகளுக்கும் மலர்களுக்கும் தாவரநலச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. எனவே, ஒரே தோப்பில் விளைந்த தேங்காயும் வாழைப்பழமும் இச்சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் செல்லலாம். அவற்றின் நிழலில் காய்த்த பலாவும் அருகில் பூத்த மல்லிகையும் செல்ல முடியாது. தேங்காய்க்கு விலக்கு தராத நாடுகளும் உள்ளன.

ஏற்றுமதியாளர் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறார். நடுவண் அரசு அறிவிக்கை செய்த அலுவலர் சரக்கைப் பார்க்கிறார். இந்த நடைமுறையில் சிறு உழவர் எங்குமே தென்படுவதில்லை. அவர் காயை மண்டியில் போட்ட கணத்தில் அது பலருடைய காயோடு கலந்துவிடுகிறது. விளைந்த இடம் என்ற வரியில் பெரும்பாலான சரக்குகளுக்கு நாட்டின் பெயர் இருந்தாலே போதும். ஒருவருடைய கவனக்குறைவு அனைவருக்கும் தடையாகிறது, ஒருவருடைய கவனம் அவருக்கே பயன்படுவதில்லை.

இதற்கு மாற்றுவழி இந்தியாவிலேயே உண்டு. வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா, 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் செல்லும் திராட்சைக்காக 'கிரேப்நெட்' என்னும் பதிவு முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனி எண் தந்து, பெட்டியிலிருந்து தோட்டம் வரை பின்தொடர வழி செய்தது. பிறகு மாம்பழம், காய்கறி ஆகியவற்றுக்கும் 'ஹார்டிநெட்' என்ற பெயரில் இது விரிந்தது. தோட்டத்தின் எண் இருந்தால், குறை கண்ட பெட்டிக்கு உரிய தோட்டத்தை மட்டும் நிறுத்தி மற்றவற்றை அனுப்ப இயலும்.

மின் சான்றிதழ் தாளின் தாமதத்தையும் போலியையும் பெருமளவு நீக்குகிறது. ஆனால் அது சுமந்து செல்லும் சொல், ஒருவர் சரக்கை நேரில் பார்த்தார் என்பதே. பலாவின் காம்பையும் கடலையின் ஓட்டையும் எந்தக் கணினியும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பார்வை மண்டியோடு நின்றுவிடாமல் தோட்டம் வரை வந்து, அங்கே விளைவித்தவரின் பெயரும் பதிவாகும்போது, 1881-இல் தொடங்கிய இந்த ஆவணம் உழவருக்கும் உரியதாகும்.