அன்புகூர்தல்

கிறித்தவக் கூட்டங்களின் சுவரொட்டிகளிலும் மலர்களிலும் ‘அன்புகூறுங்கள்’ என்று வல்லின றகரமிட்டு எழுதுவதும், அன்பை வாய்விட்டுச் சொல்வதே அக்கட்டளையின் பொருள் என்று விளக்குவதும், ஒரு நல்ல சொல்லையும் அது தாங்கி நிற்கும் அறத்தையும் ஒருசேரச் சிதைப்பனவாகும். ‘கூறு’ என்பதே வினையாயின் அதன் இறந்தகாலம் ‘கூறினார்’ என்றே அமையும். ஆனால் தமிழ் வேதநூலின் பழைய மொழிபெயர்ப்பாகிய பழைய திருப்புதலின் யோவான் நற்செய்தியில் கடவுள் உலகின்பால் ‘அன்புகூர்ந்தார்’ என்றே காணப்படுகின்றது. நாவினால் மட்டும் அன்பு பாராட்டுவதை யோவானின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம் வெளிப்படையாக விலக்குகின்றமையின், வேதநூலே இவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

கூர்தலாவது மிகுதல். தொல்காப்பிய உரியியல், கூர்ப்பு என்பதற்கும் கழிவு என்பதற்கும் ‘உள்ளது சிறத்தல்’ என்று பொருள் கூறுகின்றது. அஃதாவது, இல்லாதது தோன்றுவதன்று, முன்னரே இருப்பது மேன்மேலும் பெருகுவது. சிறுபாணாற்றுப்படையில் வரும் ‘துனிகூர்’ என்னும் தொடரில் துன்பம் இவ்வாறே மிகுகின்றது. களிகூர்தல், நினைவுகூர்தல், அருள்கூர்தல் ஆகியவை இவ்வினத்தனவே; இவற்றுள் நினைவுகூர்தலும் இன்று றகரத்திற்கு இரையாகி, இராவுணவு வழிபாட்டின் உயிர்ச்சொல் ‘நினைவுகூறுதல்’ என்று பேச்சளவில் குறுகிவிட்டது. கத்திமுனையின் கூர்மையிலிருந்து ‘கூர்மையான அன்பு’ என்று பொருள் காண்பாரும் உளர். தொல்காப்பியர் காட்டும் பொருளில் முனைக்கு இடமில்லை.

புதிய ஏற்பாடு கேட்பதும் உள்ளது சிறத்தலையே. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அவர்கள் ஏற்கெனவே சகோதரரிடத்தில் அன்புடையவர்கள் என்பதை ஒப்புக்கொண்டு, அதில் இன்னும் பெருகுமாறு பவுல் வேண்டுகின்றார். பேதுருவின் முதல் நிருபத்தில் அன்புக்கு அடையாக வரும் ‘எக்டெனேஸ்’ என்னும் கிரேக்கச் சொல், நீட்டி இழுக்கப்பட்டது, தளராதது என்று பொருள்படும். பழைய திருப்புதல் அதனை ‘ஊக்கமான’ என்று பெயர்த்தது. எபிரெயர் நிருபம், சகோதர சிநேகம் நிலைத்திருக்க வேண்டும் என்கின்றது.

அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘அகாபே’ என்பது தன்னலமற்ற தெய்வ அன்புக்கென்றே அமைந்த சொல் என்னும் மேடைக் கூற்று நிற்காது. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தன் சகோதரி தாமார்மீது தாவீதின் மகன் அம்னோன் கொண்ட இழிந்த வேட்கைக்கும் அச்சொல்லே வழங்குகின்றது. சொல்லுக்கு உயர்வு தந்தது கட்டளையே.

பகைவரிடத்துக் காட்டுமாறு மத்தேயு ஐந்தாம் அதிகாரம் பணிக்கும் அன்புக்குப் பழைய திருப்புதல் ‘சிநேகி’ என்னும் வடசொல் வழி வினையை ஆண்டது. ‘ஸ்நேகம்’ என்பதற்கு எண்ணெய், பசை என்னும் பொருள்களும் உண்டு. ஒட்டிப் பிடிப்பதனால் நட்பையும் அது குறித்தது. அன்பு தொடர்புடையார்மேலும் அருள் எல்லா உயிர்மேலும் செல்வன எனக் குறள் உரையாசிரியர் பரிமேலழகர் வகுத்தமையின், பகைவர்க்கும் அயலார்க்கும் அருள் என்பதே தக்க சொல் என்பார் உளர். நல்ல சமாரியனின் உவமையோ அயலானையே தொடர்புடையவனாக்குகின்றது. ஆதலின் அன்பு என்பதே இங்குப் பொருந்தும்.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் மொழிபெயர்ப்பு ‘அன்புகூர்’ என்பதைக் கைவிடவில்லை. எனினும் ‘அன்பு செலுத்து’ என்பதையும் அது வழங்குகின்றது. வரியும் கடனும் செலுத்தப்படுவன, செலுத்தியபின் தீர்வன. உரோமையருக்கு எழுதிய நிருபம் பதின்மூன்றாம் அதிகாரத்தில், பிற கடன்கள் யாவும் தீர்க்கப்பட வேண்டும் என்றும் அன்பு மட்டும் என்றும் கடனாகவே இருக்கும் என்றும் பவுல் பிரிக்கின்றார். தீராத அக்கடனுக்குச் செலுத்துதல் என்னும் வினை பொருந்தாது. கூர்தல் என்பதே பொருந்தும், அதுவும் இடையின ரகரத்தோடு.