112ஆம் வார்டின் கோடு

தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது பெங்களூரு தமிழர் பலருக்குத் தெரியும். அவற்றில் ஊர் தனியாக நிற்பதில்லை. இராசேந்திர சோழ வளநாடு, அதற்குள் இலைப்பாக்க நாடு, அதற்குள் ஊர் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே வரிசையில்தான் இந்த ஊரைக் குறிக்கிறது: கர்நாடகம் 29, பெங்களூர் மாவட்டம் 572, மாநகராட்சியில் வார்டு 112.

அந்த வார்டின் எல்லைக்கோடு பிறந்தது 2009இல். சுற்றியிருந்த நகராட்சிகளையும் கிராமங்களையும் சேர்த்து 2007இல் பெரிதாக்கிய மாநகராட்சியை 198 வார்டுகளாகப் பிரித்தபோது போட்ட கோடு அது. கணக்கெடுப்பு நெருங்கியதும் அரசு நாடெங்கும் நிர்வாக எல்லைகளை உறைய வைத்தது. எண்ணி முடிக்கும்வரை புது மாவட்டம் கிடையாது, புது வார்டு கிடையாது.

அடுத்தது பென்சில் வேலை. வார்டைச் சின்னச் சின்ன பிளாக்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பிளாக்குக்கு ஏறக்குறைய 120 முதல் 150 வீடுகள். கணக்கெடுப்பாளர் தன் பிளாக்கைத் தெருத்தெருவாக நடந்து கையால் ஒரு படம் வரைய வேண்டும். பக்கா வீட்டுக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம், குடியிருப்பு அல்லாத கட்டடமானால் உள்ளே கோடு கோடாக நிரப்ப வேண்டும். வீட்டு எண்கள் எந்தச் சந்தில் ஏறி எந்தச் சந்தில் இறங்குகின்றன என்பதை அம்புக்குறி காட்டும். அந்தப் படத்துக்கு அளவுகோல் கிடையாது. ஆனால் எந்தச் செயற்கைக்கோள் படமும் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது: இந்தக் கதவை ஒருவர் தட்டினார். நாடு முழுவதும் 27 லட்சம் பேர் இப்படி நடந்துதான் 121 கோடி என்ற எண் வந்தது.

அட்டவணைகள் எக்செல் கோப்புகளாகப் பொதுமக்கள் கைக்கு வந்தன. வரைபடங்களோ அட்லஸின் பக்கங்களாக, வெறும் படங்களாக வந்தன. படத்தைப் பார்க்கலாம். மேப்பிங் மென்பொருளில் லேயராக ஏற்றி அதன்மேல் எண்களைப் பொருத்த முடியாது. அமெரிக்கா தன் 1990 கணக்கெடுப்புக்காக டைகர் என்ற எல்லைக் கோப்புகளை உருவாக்கி, கணக்கோடு எல்லையையும் மக்களுக்குக் கொடுத்தது. நம் மக்கள் பதில் சொன்னார்கள், எண் வந்தது, எல்லை மட்டும் வரவில்லை. இது சின்னக் குறையல்ல.

அந்தக் குறையைத் தன்னார்வலர்கள் தங்கள் உழைப்பால் ஈடுகட்டினார்கள். பெங்களூரில் 2011இல் தேஜேஷ் ஜி.என்., நிஷா தாம்ப்சன் போன்றவர்கள் தொடங்கிய டேட்டாமீட் குழுவினர் எல்லைகளைக் கணினியில் வரைந்து, சரிபார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொது உரிமத்தில் வைத்தார்கள். வரைபட ஆர்வலர்களின் கூட்டங்கள் சில தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் இருந்த இணையம் மற்றும் சமூக மையத்திலேயே நடந்திருக்கின்றன. டேட்டாமீட் தந்த 2011 மாவட்ட ஷேப்ஃபைலை, அதாவது எல்லைக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு பாலிகனோடும் (எல்லை உருவத்தோடும்) மாவட்டப் பெயர், மாநிலப் பெயர், பிறகு கணக்கெடுப்புக் குறியீடு இருக்கும். உயிர்நாடி அந்தக் குறியீடுதான்.

ஏனென்றால் அட்டவணையையும் எல்லைக் கோப்பையும் பெயரை நம்பி ஜாயின் செய்தால், அதாவது இணைத்தால், கைவிட்டுவிடும். 2011 அட்டவணையில் பெல்காம், இன்றைய பட்டியலில் பெலகாவி. கியூஜிஐஎஸ் என்ற மேப்பிங் மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஊர். குறியீட்டிலும் ஒரு கண்ணி உண்டு. 2011இல் நாடு முழுவதும் வட்டங்கள் 5,924, ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணிட்டவை. குறியீடோ ஐந்து இலக்கம். ஆகவே எல்லா வட்டக் குறியீடும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும். எக்செல்லில் அதை எண்ணாகத் திறந்த நிமிடமே முன்பூஜ்ஜியம் போய்விடும், ஜாயின் செய்தால் பத்தி முழுக்க வெற்றிடம். அட்ரிபியூட் டேபிளைத் திறந்து பாருங்கள்: குறியீடு வலது ஓரமாக ஒட்டி நின்றால் எண், இடது ஓரமாக நின்றால் எழுத்து. எழுத்தாக மாற்றிப் பூஜ்ஜியத்தைத் திரும்பச் சேர்த்தால் வரைபடம் நிறம் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய பிழை, ஒரு காலத்து எண்ணை இன்னொரு காலத்து எல்லையில் ஊற்றுவது. 2011 கோப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள். இன்று 38. தென்காசிக்கும் மயிலாடுதுறைக்கும் அதில் இடமே இல்லை. தென்காசியின் மக்கள் திருநெல்வேலிக்குள்ளும் மயிலாடுதுறையின் மக்கள் நாகப்பட்டினத்துக்குள்ளும் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

தொம்மலூரின் கோடும் நிற்கவில்லை. 198 வார்டுகள் 2022இல் 243 ஆயின, 2023இல் 225 ஆயின. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்து வார்டுகளை மறுபடி வரைந்தார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு எல்லை உறையும் நாள் 2025 டிசம்பர் 31. ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். பழைய 112ஆம் வார்டில் பதினாறு ஆண்டுகளில் என்ன மாறியது என்று கேட்பவர், பழைய பாலிகனைப் புதியதன்மேல் வைத்து வெட்டி, பரப்பளவுக்கேற்ப மக்களைப் பங்கிட வேண்டியிருக்கும். அந்தப் பங்கீடு மக்கள் எங்கும் சீராகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தொம்மலூரிலிருந்து கோரமங்களாவுக்கு இன்டர்மீடியட் ரிங் ரோட்டில் போனவர்களுக்கு அது எவ்வளவு பொய் என்று தெரியும்: இருபுறமும் ராணுவ நிலம், கோயில் பக்கத்துச் சந்துகளிலோ சுவரோடு சுவராக வீடுகள். கணக்கெடுப்பு அலுவலகம் இம்முறை பிளாக் எல்லைகளையும் அவற்றின் மொத்த எண்ணிக்கையையும் கோப்பாக வெளியிட்டால், 2027க்குப் பிறகு எத்தனை முறை வார்டை மாற்றினாலும் பிளாக்குகளைக் கூட்டியே விடை காணலாம். பரப்பளவை வைத்து ஊகிக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.