தாய்வழிக் குடியும் ஆண்வழித் தலைமையும்: மருதமுனைக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கிழக்கிலங்கையின் மருதமுனையில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கொரு வீடு கட்டும் யோசனையும் கூடவே பிறக்கும். கலியாணத்தோடு வீடு அவளுக்குரியதாகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் குடிவழியும் தாயைக் கொண்டே எண்ணப்பட்டது. குடியின் சார்பில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்த மரைக்கார், தாயின் குடியாலேயே அவ்வுரிமையைப் பெற்றார். தாய்க்கு மட்டும் அந்த ஆசனம் இல்லை. உரிமை பெண்வழி வந்தாலும் அதிகாரம் ஆணிடமே தங்க வேண்டும் என்ற இவ்வழக்கமே நமது கட்சி அரசியலிலும் தொடர்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2000 செப்டம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் மரணமானார். 24 நாட்களில், ஒக்டோபர் 10 அன்று, பொதுத்தேர்தல் நடந்தது. அவரது மனைவி பேரியல் அஷ்ரப் அம்பாறை மாவட்டத்தில் வென்று அமைச்சரானார். கட்சியில் ரவூப் ஹக்கீமுடனான அவரது இணைத் தலைமை நீடிக்கவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் ஹக்கீமிடமும் தேசிய ஐக்கிய முன்னணி என்ற கட்சி பேரியலிடமும் நின்றன.

இங்கு அளவுகோல்களைக் கவனிக்க வேண்டும். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்க வேண்டிய இத்தா எனும் காத்திருப்புக் காலம் நான்கு மாதமும் பத்து நாளும். மனைவியை இழந்தவனுக்கு அது இல்லை. எனவே அத்தேர்தலில் பேரியலின் வேட்புமனுவே மார்க்கக் கேள்வியாகக்கூடியதாக இருந்தது. ஆண் வேட்பாளர் எவருக்கும் அந்நிலை வர வழியில்லை.

விதவை என்பதால் கிடைத்த பதவி தகுதியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; ஆனால் எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும். 1952இல் தந்தை டி.எஸ். சேனநாயக்கவின் மரணத்தையடுத்து டட்லி பிரதமரானபோது அவர் வாரிசு எனப்பட்டார். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோவுக்கோ 'அழும் விதவை' என்ற ஏளனமே கிடைத்தது.

மார்க்க வாதமும் ஒருமுகமானதன்று. பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த சமூகம் வெற்றியடையாது என்ற கருத்துடைய, அபூபக்ரா அறிவிக்கும் ஹதீஸ் பாரசீக அரியணை பற்றிய செய்தியையொட்டிச் சொல்லப்பட்டது. சூரத்துன் நம்ல் காட்டும் ஸபா நாட்டு அரசியோ தன் பிரதானிகளைக் கலந்தாலோசித்தே முடிவெடுக்கிறார். முன்னதை மட்டும் மேடையேற்றிப் பின்னதை மறப்பது மார்க்க விளக்கமாகாது.

சட்டம் ஒரு வாசலைத் திறந்துள்ளது. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கும் ஏற்பாடு 2018 பெப்ரவரி 10 தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் வட்டார வேட்பாளர்களில் பெண்களுக்கு 10 சதவீதமும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதமுமே கட்டாயம். ஆகவே பெண்கள் பெரும்பாலும் பட்டியல் வழியே நுழைகின்றனர். பிறகு 'மக்கள் வாக்களிக்காதவர்' என்று குறைக்கப்படுகின்றனர். 225 பேர் கொண்ட பாராளுமன்றத்திலும் 29 ஆசனங்கள் இதேபோன்ற தேசியப் பட்டியலுக்குரியவை. அவ்வழி சென்ற ஆண்களின் தலைமையை அக்குறை தடுத்ததில்லை.

கல்முனை மாநகர சபையில் மருதமுனைக்குரிய வட்டாரங்களில், வெல்லக்கூடிய இடங்களிலேயே பெண்களைக் கட்சிகள் நிறுத்த வேண்டும். வீட்டு உறுதியில் மகளின் பெயரை எழுதத் தயங்காத ஊர், வட்டார வேட்புமனுவிலும் அவள் பெயரை எழுதட்டும்.